தீம் இனிக்கட்டும், தீமை ஆகவேண்டாம்



அம்பத்தூர் ஓ.டி.யாக இருக்கட்டும், ஆவடி புதிய ராணுவச் சாலையாக இருக்கட்டும், பூந்தமல்லி டிரங்க் ரோடாக இருக்கட்டும், இன்றைக்குப் புதுக்கடை திறப்பவரிடம் உற்றார் உறவினர் கேட்கும் கேள்விகளில் 'வெப்சைட் போட்டாச்சா?' என்பதும் ஒன்றாகிவிட்டது. பழைய கடைக்காரர்களையும் விடுவதில்லை. கல்லூரி முடித்து வந்த பிள்ளை ஒருபுறம். 'குறைந்த செலவில் செய்து தருகிறோம்' என்று விசிட்டிங் கார்டோடு வரும் தம்பிமார்கள் மறுபுறம். இவர்கள் ஒருநாள் லேப்டாப்பைத் திறந்துவைத்து, 'இதில் எந்தத் தீம் பிடித்திருக்கிறது, சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். நாமும் நாலைந்து புரட்டிப் பார்த்து, பளிச்சென்று தெரிவதைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம்.

கொள்முதலில் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைப்பதற்காக அரை மணி நேரம் பேசுகிறவர்கள் நாம். கடையின் முகத்தையே தேர்ந்தெடுக்கும் காரியத்தை ஐந்து நிமிடத்தில் முடிப்பது சரிதானா? இதுவே நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி.

தீம் என்ற சொல் நம் தமிழில் பழைய சொல்தான். தீம்பால், தீஞ்சுவை என்கிறோமே, அங்கே அதற்கு இனிமை என்று பொருள். ஆங்கிலத் தீம் வேறு. ஆனால் தமிழில் எழுதும்போது அதனோடு ஓர் 'ஐ' சேர்ந்தால் தீமை ஆகிவிடுகிறது! இணையதள விவகாரமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. தேவையில்லாத ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் இனிப்பு கசப்பாகிவிடும்.

சிவகாசி ஆல்பம்

தீம் என்றால் என்னவென்று புரியாத மூத்த வணிகர்கள் கவலைப்பட வேண்டாம். நாமெல்லாம் பல்லாண்டுகளாகத் தீம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் மறு ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. ஏஜெண்டு அதைக் கொண்டுவந்து விரிக்கிறார். முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி, குழந்தைப் படம் எல்லாம் இருக்கும். பிடித்த படத்துக்கு நம்பர் சொல்கிறோம். கீழே கடைப்பெயரும் போன் நம்பரும் அச்சாகி வருகின்றன. படம் வரைந்தவர் யாரோ, பெயர் நம்முடையது. இதுதான் தீம்.

இணையதளத்திலும் அதே கதைதான். 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு உலகில் ஏராளமான தளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அதில் 2005-ல் வந்த 1.5 என்ற பதிப்பிலிருந்து, உள்ளே இருக்கும் விஷயத்தைத் தொடாமல் மேல் தோற்றத்தை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளும் வசதி வந்தது. அந்த மேல் தோற்றத்துக்குத் தீம் என்று பெயர். கனடாவின் ஷாப்பிஃபை, நம் சென்னையில் பிறந்த ஜோஹோ போன்ற நிறுவனங்களின் தளம் கட்டும் சேவைகளிலும் இப்படிப்பட்ட ஆயத்த அமைப்புகள் இருக்கின்றன. சில இலவசம், சில விலைக்கு.

இப்போது காலண்டருக்கே வருவோம். வாடிக்கையாளர் வீட்டில் அதை ஏன் மாட்டுகிறார்? படத்துக்காகவா? படம் முதல்நாள் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். மீதி 364 நாளும் அவர் பார்ப்பது தேதியை, ராகுகாலத்தை, முகூர்த்த நாளை. தேதி தெளிவாகத் தெரியாத காலண்டரில் எத்தனை அழகான படம் இருந்தாலும் பொங்கல் வருவதற்குள் அது பரணுக்குப் போய்விடும். ஆகவே காலண்டரில் படம் சிறிது கூடக் குறைய இருக்கலாம். தேதித்தாள் சரியாக இருந்தாக வேண்டும். இணையதளத்துக்கும் ஒரு 'தேதித்தாள்' உண்டு. கடையின் பெயர், என்ன சரக்கு, எங்கே இருக்கிறது, எத்தனை மணிவரை, எந்த போன் நம்பர், என்ன விலை என்பவையே அது. இவற்றை முதல் பார்வையிலேயே எடுத்துக் கொடுக்கும் தீம் நல்ல தீம். மறைப்பது எதுவாயினும் அதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பார்ப்பவர் யார், எதில் பார்க்கிறார்?

நம் பிள்ளைகள் நமக்குக் காட்டுவது பெரிய லேப்டாப் திரையில். வாடிக்கையாளர் பார்ப்பதோ கைப்பேசியில். அதுவும் எங்கே? பட்டரவாக்கத்தில் இருந்து ஏறி மின்சார ரயிலில் நின்றுகொண்டு; எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது; நடுப்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. லேப்டாப்பில் ராஜகோபுரம் போல நிற்கும் முகப்பு, கைப்பேசியில் முதல் படத்தோடு முடிந்துவிடுகிறது. போன் நம்பரைக் கண்டுபிடிக்க நாலு முழம் தள்ளவேண்டியிருக்கிறது.

ஆகவே தீம் தேர்வில் முதல் விதி: லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். கடையில் வேலை பார்க்கும் பையனின் கைப்பேசியில் அதே தீம் மாதிரியைத் திறக்கச் சொல்லுங்கள். வெயிலில் போய் நின்று பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இப்போது பேஷனாம். அது ஏ.சி. அறையில் பேஷன், ஆவடி மார்க்கெட்டில் வெற்றுத்தாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்கவேண்டும் என்று இணையத் தர அமைப்பினர் வகுத்திருக்கிறார்கள். தம்பிமார்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

இரண்டாவது வேகம். முகப்பில் நாலைந்து பெரிய படங்கள் மாறிமாறி ஓடும் தீம்கள் உண்டு. கைப்பேசியில் எடுத்த ஒரு படமே 3, 4 எம்.பி. இருக்கும். அப்படியே ஐந்தை ஏற்றிவிட்டால், சிக்னல் குறைவான இடத்தில் தளம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடையை அடைந்துவிடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் நிறுவனம் சொல்லும் அளவு. கைப்பேசியில் ஒரு தளம் எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டே அதைத் தேடலில் சேர்த்துக்கொள்வதாகவும் அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. வேகத்தை அளந்து சொல்லும் சோதனையையும் அதுவே இலவசமாக வைத்திருக்கிறது. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற நாம், தீம் வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லக் கூடாதா? படங்களை 200 கே.பி.க்குள் சுருக்கி ஏற்றுவதும் பெரிய வித்தை அல்ல.

தமிழ் நிற்குமா?

நம் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்கவேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி உள்ள கட்டளை. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்று அரசு வகுத்ததும் நாம் அறிந்ததே. அந்த விதி பெயர்ப்பலகைக்குத்தான். இணையதளத்தைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் சட்டம் கேட்டால்தான் தமிழா? மளிகைச் சீட்டைத் தமிழில் எழுதிக்கொண்டு வரும் தாய்மாருக்கு ஆங்கில முகப்பை நீட்டுவது, வந்த லட்சுமியை வாசலில் நிறுத்திவைப்பதற்குச் சமம்.

தமிழை இணையத்தில் ஏற்றுவதற்குப் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. 1990-களின் நடுவில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் அந்த முயற்சியைத் தொடங்கினார்கள். அன்று ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் பொதுவான குறியீட்டு முறைகளும் வந்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தானாகத் தெரிகிறது. இத்தனை பேர் போட்ட சாலையில், ஒரு தீம் வந்து பள்ளம் தோண்டலாமா?

ஆம், தோண்டுகிறது. வெளிநாட்டில் ஆங்கிலத்துக்கென்றே வரைந்த தீம்களில் வரிக்கும் வரிக்கும் இடைவெளி குறைவு. 'கீ'யின் மேல் சுழியும் 'கூ'வின் கீழ்க் காலும் வெட்டுப்பட்டுப் போகின்றன. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லுக்கென அமைத்த பொத்தானில் 'கூடையில் சேர்க்க' என்று போட்டால் பாதி வெளியே தொங்குகிறது. ஆகவே தீம் மாதிரியைக் காட்டும்போது ஆங்கிலச் சொற்களோடு காட்ட விடாதீர்கள். 'திருமுல்லைவாயில்' என்று அடிக்கச் சொல்லுங்கள். 'உடைத்த உளுத்தம்பருப்பு' என்று அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் உடையாமல் ஒரே வரியில் நின்றால் தீம் தேறிவிட்டது. எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இதைச் சொல்வதால் ஆங்கிலம் வேண்டாம் என்று பொருள் அல்ல. ஆவடியை எடுத்துக்கொள்ளுங்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை என்று இந்தியாவின் எல்லா மாநிலத்தவரும் குடியிருக்கும் ஊர் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி பர்ச்சேஸ் அதிகாரி ஆங்கிலத்தில்தான் தேடுவார். எனவே இரண்டு மொழியையும் ஒரே தொடுதலில் மாற்றிக்கொள்ள இடம்தரும் தீம் வேண்டும். முதலில் தமிழ், பக்கத்தில் ஆங்கிலம். கடைப் பலகையில் நாம் செய்வது தானே?

தொழிலுக்கு ஏற்ற முகப்பு

எல்லாக் கடைக்கும் ஒரே ரேக் அடிப்பதில்லை. நகைக்கடைக்குக் கண்ணாடிப் பெட்டி, அரிசி மண்டிக்கு வெறும் தரை, போல்ட்டு நட்டுக் கடைக்குச் சின்னச்சின்ன அறைகள். தீமும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

மொத்த வியாபாரிக்கு முதற்பக்கத்தில் வேண்டியது 'இன்றைய நிலவரம்'. சரக்கின் பெயர், மூட்டையின் எடை, ரகம், தேதி, பேச வேண்டிய போன் நம்பர், குறைந்தபட்ச ஆர்டர். இது ஒரு சாதாரண அட்டவணை. கைப்பேசியில் அட்டவணை உடையாத தீம் எதுவோ அது போதும். விலை தினம் மாறும் தொழிலில் கூடையும் பணம் கட்டும் வசதியும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். பழைய தேதியோடு நிற்கும் விலை, விலையே போடாததைவிடக் கெடுதல். தினம் மாற்ற ஆள் இல்லையென்றால் 'விலைக்குப் பேசவும்' என்று போட்டுவிடுவதே நாணயம்.

அம்பத்தூர், பாடி பகுதியில் பேரிங், பெல்ட், போல்ட், வெல்டிங் ராடு விற்பவர்களுக்கு அழகான படத்தைவிடத் தேடும் கட்டம் முக்கியம். வாங்க வருகிறவர் பாகத்தின் எண்ணையும் அளவையும் வைத்துத்தான் தேடுவார். எண்ணை அடித்தால் சரக்கு வரவேண்டும். இந்த வசதி இல்லாத தீம் அவர்களுக்கு வீண்.

ஜவுளி, பாத்திரம், பரிசுப் பொருள் கடைகளுக்குப் படம்தான் உயிர். ஆனால் அது நம் கடைப் படமாக இருக்கவேண்டும். தீமோடு இலவசமாக வரும் கோட்டுசூட்டுக்காரர் படத்தை அப்படியே விட்டுவைத்த மளிகைத் தளங்களை நாம் பார்க்கிறோம். நம் கல்லாவில் அமர்ந்திருப்பவர் யாரென்று தெருவுக்கே தெரியும்போது, முகப்பில் வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? கடை வாசலை, அடுக்கிய மூட்டையை, தராசை நம் பையனே படம் எடுத்துப் போடட்டும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது உண்மை.

ஓடும் கடிகாரமும் சட்டமும்

இனிச் சொல்லப்போவது பணம் சம்பந்தப்பட்டதும் மானம் சம்பந்தப்பட்டதும் ஆகும்.

விற்பனைத் தீம்கள் பலவற்றில், 'இன்னும் 2 மட்டுமே பாக்கி', 'சலுகை முடிய 10 நிமிடம்' என்று கடிகாரம் ஓடவிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. கிடங்கில் 200 மூட்டை இருக்கும். தளம் 2 என்று சொல்லும். பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி பத்திலிருந்து ஓடும். தம்பிமார்கள் இதை விற்பனை உத்தி என்பார்கள். மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இதற்கு வேறு பெயர். வாங்குபவரை ஏய்க்கும் 13 வகை இணைய உத்திகளை அந்த நெறிகள் பட்டியலிடுகின்றன. பொய் அவசரம் காட்டுவது அவற்றில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது மற்றொன்று. 'வேண்டாம்' என்பவரை வெட்கப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. தீமில் இருந்தது, எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் எடுபடாது. கடைப்பெயர் நம்முடையது அல்லவா?

தீமோடு மாதிரிக்காக வரும் 'வாடிக்கையாளர் பாராட்டு'களும் இப்படித்தான். யாரோ எழுதிய பாராட்டு நம் கடைப்பெயரின் கீழ் நிற்கலாமா? இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துகளுக்கென்றே இந்தியத் தர அமைவனம் 2022-ல் ஒரு தரநிர்ணயம் வெளியிட்டிருக்கிறது. பொய்ப் பாராட்டு அந்த அளவுக்கு நாட்டுப் பிரச்சினை ஆகியிருக்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். மாதிரிப் பாராட்டுகளை முதல் நாளே அழித்துவிடச் சொல்லுங்கள்.

தளத்தின் வழியே நேரடியாக விற்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண்கள், குறைதீர் அலுவலரின் பெயர், அவரது தொடர்பு விவரம் ஆகியவை தளத்தில் இருக்கவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. வாங்குபவரின் சம்மதத்தை நாமே முன்கூட்டி டிக் அடித்துவைத்த கட்டம் மூலம் பெறக் கூடாது. பொட்டலப் பொருள் விற்பவர்கள், எடையளவுச் சட்டத்தின் கீழ் உள்ள பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, எம்.ஆர்.பி. முதலியவற்றைத் தளத்திலும் காட்டவேண்டும். இது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. பெயரும் போன் நம்பரும் வாங்கிச் சேர்த்துவைக்கும் தளங்களுக்கு 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன.

இவற்றுக்கும் தீமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஒவ்வொரு சரக்குக்கும் படம், பெயர், விலை என்று மூன்று வரிக்கு மட்டுமே இடம்தரும் தீம்கள் இருக்கின்றன. அதில் நிகர எடையை எங்கே எழுதுவது? தயாரிப்பாளர் முகவரியை எங்கே போடுவது? பக்கத்தின் அடியில் முகவரிக்கே இடம் விடாத தீமும் உண்டு. சட்டம் கேட்பதைக் காட்ட இடமில்லாத தீம், பில் போட இடமில்லாத கல்லாவைப் போன்றது.

சாவி யார் கையில்?

தீம் தேர்வோடு சேர்த்துப் பேசவேண்டியது சொந்தம் யாருக்கு என்பது. தளத்தின் முகவரிப் பெயரை, அதாவது டொமைனை, யார் பெயரில் பதிவு செய்கிறார்கள்? பல இடங்களில் செய்து கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிந்துகொள்கிறார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், போனை எடுக்காவிட்டால், ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துவிட்டால், நம் கடைப்பெயர் நம் கையை விட்டுப் போய்விடும். கடை வாடகை ஒப்பந்தத்தைப் புரோக்கர் பெயரில் எழுதுவோமா? டொமைன் நம் பெயரில், நம் போன் நம்பரில், நம் ஈமெயிலில் இருந்தாக வேண்டும். விலை கொடுத்து வாங்கிய தீம் என்றால் அதன் லைசென்சும் நம் பெயரில் இருக்கவேண்டும்.

விலைக்கு விற்கும் தீம்களைத் திருட்டுத்தனமாக உடைத்து இலவசமாகத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் தளத்தையே கடத்திப்போகும் கள்ள நிரல்கள் ஒளிந்திருப்பது உண்டு. வேர்ட்பிரஸ் அமைப்பின் சொந்தப் பட்டியலிலேயே ஆயிரக்கணக்கான இலவசத் தீம்கள் இருக்கும்போது திருட்டுச் சரக்கு எதற்கு? அங்கே ஒவ்வொரு தீமுக்கும் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதி இருக்கும். இரண்டு மூன்று ஆண்டாகத் தொடாத தீம் என்றால், காலாவதி தேதி தாண்டிய சரக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

முழுக்க முழுக்க இன்னொருவர் இடத்தில் கடை போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. கூகுள் நிறுவனம் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாகச் சிறு கடைகளுக்கு இலவசத் தளங்கள் கொடுத்துவந்தது. தீமைப்பற்றிக் கவலையே இல்லை. நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் தளம் தயார். 2024 மார்ச்சில் அவை அத்தனையும் மூடப்பட்டன. அந்த முகவரியைக் காலண்டரிலும் பில்லிலும் அச்சடித்தவர்களுக்கு அச்சுக்கூலியும் நட்டம். அந்தத் தளம் அவர்களுடைய கருணை. அவர்கள் விருப்பப்படி கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் சொந்த முகவரி கிடைக்கும்போது, அதையாவது நாம் சொந்தமாக வைத்துக்கொண்டால் தீமும் சேவையும் மாறினாலும் முகவரி மாறாது.

மறுத்துச் சொல்வோருக்கு

'வாட்ஸ்அப் இருக்கும்போது வெப்சைட் எதற்கு?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் நம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு வந்தபோது, கைப்பேசிதான் பலருக்குக் கல்லாவாக இருந்தது. செப்டம்பரில் கோயம்பேடு திரும்பத் திறக்கும்வரை வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் ஓடியது. ஆனால் வாட்ஸ்அப்பில் வருபவர் நம் நம்பரை ஏற்கனவே அறிந்தவர். திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ புதிதாகக் கடை வைக்கும் ஒருவர், 'ஆவடியில் பருப்பு மொத்த வியாபாரம்' என்று தேடினால் நாம் கிடைக்கவேண்டாமா? வாட்ஸ்அப் பழைய வாடிக்கைக்கு, இணையதளம் புது வாடிக்கைக்கு. தளத்திலிருந்து ஒரே தொடுதலில் வாட்ஸ்அப்புக்கும் போனுக்கும் போகவிடும் தீம் இரண்டுக்கும் பாலம்.

'பார்க்கப் பெரிய கம்பெனி மாதிரி இருந்தால்தானே இளைஞர்கள் மதிப்பார்கள்?' என்பது பிள்ளைகளின் வாதம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அழுக்கான முகப்பை யாரும் மதிக்கமாட்டார்கள். எழுத்துப்பிழை, உடைந்த படம், வேலை செய்யாத பொத்தான் இவை எல்லாம் தூசு படிந்த ஷோகேஸ்தான். சுத்தம் வேண்டும், ஒழுங்கு வேண்டும். ஆனால் பெரிய கம்பெனியின் சட்டையை நாம் போட்டுக்கொண்டால் பெரிய கம்பெனி ஆகிவிடமாட்டோம். அவர்களிடம் பல கோடி முதல், நாடெங்கும் கிடங்கு, பத்து நிமிடத்தில் பறக்கும் ஆட்கள். அந்த ஆட்டத்தில் அவர்களை நாம் வெல்ல முடியாது. நம்மிடம் இருப்பது வேறு. போன் செய்தால் எடுப்பவர் முதலாளியே. சரக்கு சரியில்லை என்றால் நேரே வந்து மாற்றிக்கொள்ளலாம். மூன்று தலைமுறைக்குக் கணக்கு இருக்கும். இவை தெரியும்படியான முகப்புதான் நமக்கு விளம்பரம். கடை தொடங்கிய ஆண்டு, உரிமையாளர் பெயர், கடை இருக்கும் தெருவின் அடையாளம், நேரில் பேசும் நம்பர், இவை நான்கும் முதல் திரையில் தெரிந்தால் எந்தப் பெரிய கம்பெனித் தளத்திலும் கிடைக்காத நம்பிக்கை அங்கே பிறக்கும்.

கியூஆர் அட்டை நம் கல்லாவுக்கு வந்தபோதும் இப்படித்தான் தயங்கினோம். 2016-ல் யூபிஐ வந்தது. இன்று வெற்றிலை பாக்குக் கடையிலும் 'பணம் வந்தது' என்று பெட்டி பேசுகிறது. அந்த அட்டையில் என்ன அலங்காரம் இருக்கிறது? கட்டம் ஒன்று, கடைப்பெயர் ஒன்று. எளிமையாக இருந்ததால்தானே அது எல்லாக் கடையிலும் ஏறியது?

சங்கம் செய்யவேண்டியது

தனித்தனியாக ஒவ்வொருவரும் தம்பிமாரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பதைவிட, சங்கம் கூட்டாக இறங்கினால் செலவும் குறையும், தொல்லையும் குறையும். நம் யோசனைகள் வருமாறு:

முதலாவதாக, மளிகை, மொத்த வியாபாரம், இரும்பு மற்றும் உதிரிபாகம், ஜவுளி என்று நான்கு தொழிலுக்கு நான்கு எளிய தீம்களைச் சங்கமே தேர்ந்தெடுத்து, தமிழ் எழுத்து உடையாமல், சட்டம் கேட்கும் விவரங்களுக்கு இடம்விட்டு, தயார்செய்து வைக்கலாம். உறுப்பினர் பெயரும் படமும் விலையும் மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். சிவகாசி ஆல்பம் போலத்தான், ஆனால் ஆல்பம் நம்முடையது.

இரண்டாவதாக, தளம் செய்து தருபவரோடு எழுதிக்கொள்ள ஒரு பக்க ஒப்பந்த மாதிரி வேண்டும். டொமைன் கடைக்காரர் பெயரில், பாஸ்வேர்டு கடைக்காரர் கையில், ஆண்டுக் கட்டணம் இவ்வளவு என்று தமிழில் தெளிவாக எழுதியிருந்தால் பிற்பாடு வழக்கு வம்பு இல்லை.

மூன்றாவதாக, மே 5 வணிகர் தினத்துக்குள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று இடத்திலும் ஒவ்வோர் அரைநாள் வகுப்பு. பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் வாருங்கள். கடையின் முகத்தைப் பற்றி முடிவெடுப்பது கடைக்காரரின் வேலை.

அதுவரை, நாளைக்கே ஒருவர் லேப்டாப்போடு வந்தால் கேட்கவேண்டியவை இவை மட்டும்: கைப்பேசியில் காட்டு. வெயிலில் காட்டு. 'திருமுல்லைவாயில்' அடித்துக் காட்டு. போன் நம்பர் எங்கே என்று காட்டு. எடையும் எம்.ஆர்.பி.யும் எங்கே எழுதுவாய் என்று காட்டு. பொய்க் கடிகாரத்தை எடுத்துவிடு. டொமைனை என் பெயரில் எழுது.

இந்த ஏழுக்கும் சரியான பதில் தருபவரிடம் தாராளமாக வேலையைக் கொடுக்கலாம். பதில் தராதவரிடம், சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிடலாம். அது நம் தொழிலின் பழைய வழக்கம்தானே!